ஆயுத பூசைக்கு அணைத்த பெட்டி

எங்கள் பட்டு ஜவுளி அலுவலகத்தின் மெயில் சர்வருக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நீள நோட்டு, நான்கு பத்தியாகக் கோடு போட்டது: தேதி, நேரம், என்ன செய்தேன், ஏன் செய்தேன். ஏழு வருடத்தில் இரண்டு நோட்டுகள் நிறைந்துவிட்டன. மூன்றாவதில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "காலை 11.40. சர்வர் அணைக்கப்பட்டது. காரணம்: ஆயுத பூசை." நான் எழுதிய காரணங்களில் பாதி மட்டுமே உண்மையானது அது ஒன்றுதான்.

நான் இங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் ஓட்டுக் கொட்டகையில் பதினோரு தறி. ஏழு வருடத்துக்கு முன்பு எங்கள் கரை டிசைன் ஒன்று, நாங்கள் சேலையை வெளியே கொண்டுவருவதற்கு முன்பே வேறொரு கடையின் கண்ணாடி அலமாரியில் தொங்கியது. டிசைன் போனது மெயில் வழியாகத்தான். இலவச மெயில் கணக்கு, அதன் பாஸ்வேர்டு அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"நம்ம கடுதாசி நம்ம வூட்டுக்குள்ளயே இருக்கணும்மா. இன்னொருத்தன் பொட்டியில வேணாம்."

அப்படி வந்ததுதான் சர்வர். தடித்த அகராதி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அதை அமைத்துக் கொடுத்த இன்ஜினியர் ஆறாவது மாதம் வெளிநாடு போய்விட்டார். இரண்டு பக்கக் குறிப்பு மட்டும் என்னிடம் இருந்தது. மீதியை நானே படித்துக் கற்றுக்கொண்டேன். திங்கட்கிழமை தோறும் காலையில் அதன் இணைய முகவரி எண்ணைப் பார்த்து எழுதுவேன். எண் மாறியதே இல்லை. மாறாததால் அது நிலையானது என்று நம்பினேன், அப்படியே எழுதியும் வைத்தேன்.

ஆயுத பூசையன்று எங்கள் இடத்தில் தறி, ஊடுநூல் ஓட்டும் நாடா, தராசு, கத்தரிக்கோல், கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து ஓய்வு கொடுப்போம். மறுநாள் விஜயதசமி காலை வரை யாரும் எதையும் தொடக்கூடாது. சர்வருக்கும் பொட்டு வைப்பேன், ஆனால் அணைக்க மாட்டேன். அதன் விளக்கு சின்னது. மேசைக்கு அடியில் இருப்பது யார் கண்ணிலும் பட்டதில்லை.

சென்ற ஆண்டு பட்டது. மூன்றாம் தறியில் நெய்கிற பெண் பொரிகடலைத் தட்டோடு வந்தவள் குனிந்து பார்த்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் நிற்காது.

"இன்னாக்கா இது, பொட்டு வெச்சினு முழிச்சினு கீது?"

"சர்வர். அணைக்கக் கூடாது."

"பதினோரு தறிக்கும் லீவு. மொதலாளி செல்லுகூட சாமிகிட்ட கீது. இதுக்கு மட்டும் ஓவர்டைமா? பாவம்க்கா, அதுக்கும் மூச்சு இருக்குது, கேளு."

விசிறி ஓடும் சத்தத்தைத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "அக்காவுக்கு ஒரு நாளுகூட மனசு வராது," என்று யாரோ சொன்னார்கள். எனக்கு என்னமோ ஆகிவிட்டது. கெடுபிடிக்காரி என்று பேர் வாங்கியே பழகியவள், அன்றைக்கு ஒரு முறை அப்படி இல்லாமல் இருக்கலாம் என்று தோன்றியது. முறைப்படி அணைத்தேன். இன்டர்நெட் பெட்டியின் சுவிட்சையும் அணைத்தேன். அவள் கை தட்டினாள். நோட்டில் "காரணம்: ஆயுத பூசை" என்று எழுதினேன்.

மறுநாள் காலை 9.10க்கு இரண்டையும் போட்டேன். எல்லா விளக்கும் எரிந்தன. அலுவலகத்துக்குள்ளேயே ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மெயில் போனது. மதியம் வரை வெளியிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. விடுமுறை என்று நினைத்தேன். மூன்று மணிக்கு என் செல்போனிலிருந்து அலுவலக முகவரிக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தேன். வரவில்லை. அப்போதுதான் திங்கட்கிழமைகளில் எழுதும் எண்ணைப் பார்க்கத் தோன்றியது. எண் வேறாக இருந்தது.

இதைப் புரியும்படி சொல்வதென்றால்: மெயில் சர்வர் ஒரு வீடு, அந்த எண் அதன் கதவெண். இன்டர்நெட் கம்பெனி எப்போதோ முறையை மாற்றி, தெரு முழுவதற்கும் சேர்த்து ஒரே கதவெண் போட்டுவிட்டிருக்கிறது. இணைப்பு அறுபடாதவர்களுக்கு மட்டும் பழைய எண் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. எங்களிடம் பேட்டரி இருந்ததால் மின்வெட்டிலும் அறுபட்டதில்லை. நானே அணைத்த அன்று அறுந்தது. இப்போது வெளியிலிருந்து வரும் கடிதத்துக்கு எங்கள் கதவு தெரியாது. நாங்கள் அனுப்பினாலும், இது யாருடைய கதவோ என்று அங்கே வாங்க மறுத்தார்கள்.

இன்டர்நெட் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் மாறாத எண் ஒன்று கேட்டேன். ஒருவர் கணினியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"மேடம், ஸ்டேடிக் ஐபி இப்ப ஸ்டாக் இல்லீங்க."

"எண்ணுக்கு என்னங்க ஸ்டாக்?"

"அரிசி மூட்டை மாதிரிதாங்க. ஹெட் ஆபீஸ்ல இருந்து வரணும். எழுதிப் போட்டுட்டுப் போங்க."

"எத்தனை நாள்?"

"வந்தா கூப்புடுவோம்."

எழுதிப் போட்டேன். இன்றுவரை கூப்பிடவில்லை.

இது சாதாரண வாரமாக இருந்தால் காத்திருக்கலாம். விஜயதசமிக்கு அடுத்த வாரம்தான் மலேசியாவில் உள்ள ஒரு ஜவுளிக் கடையின் ஆர்டர் வரும். தை, மாசி முகூர்த்தங்களுக்கான சேலைகள். பதினோரு தறிக்கும் நான்கு மாத வேலை. அங்கே எங்களை அறிந்த பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது எல்லாம் அவர்கள் கணினியின் வழி. ஆர்டர் பதிவான முகவரிக்கு மட்டும் வரும். வந்ததிலிருந்து பத்து நாளுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தி ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாளி போன் செய்தபோது, "அனுப்பி இரண்டு நாள் ஆயிற்று, உங்கள் முகவரி திருப்பி அனுப்புகிறது" என்றார்கள். வேறு முகவரி தருகிறோம் என்றார் முதலாளி. முகவரி மாற்ற வேண்டுமானால் பழைய முகவரியிலிருந்தே கடிதம் வர வேண்டுமாம்.

எட்டு நாள் மிச்சம் இருந்தது. நம்பிக்கையில் முதலாளி ஏற்கெனவே மூன்று தறிகளில் அந்த ஆர்டருக்கான நெடுக்கு நூலை, பாவை, ஏற்றியிருந்தார். வெங்காயச் சருகு நிறம். அதில் ஒன்று மூன்றாம் தறி.

ஆள் தேடினேன். எங்கள் தெருக் கணினிக் கடையில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தவர், "மெயில் சர்வரா? அதெல்லாம் பேஜாருங்க, ஒரு ஃப்ரீ மெயிலு ஓப்பன் பண்ணிக்குங்க, ஜல்தியா முடிஞ்சிரும்," என்றார். சென்னையில் ஒரு கம்பெனி ஒரு வருட ஒப்பந்தம் போட்டால்தான் பேசவே பேசும் என்றது. அவர்கள் சொன்ன தொகைக்கு ஒரு தறியே வாங்கலாம். இணையத்தில் கிடைத்த ஒருவர் குறைந்த கூலிதான் கேட்டார், ஆனால் வணக்கம் சொல்வதற்கு முன்பு பாஸ்வேர்டைக் கேட்டார். போனை வைத்துவிட்டேன். இதற்குள் மூன்று நாள் போயிற்று.

எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் எங்கள் பக்கத்துச் சேத்துப்பட்டில் ஒரு பெண் இருப்பது தெரிந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் இதே வேலையில் இருந்தவள். பிரசவத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. "பஸ் காசும் ஒரு மணி நேரக் கூலியும் குடுங்கக்கா, போதும்," என்றாள். மறுநாள் காலை பத்தரைக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். வரும் வழியிலேயே அது தூங்கிவிட்டது. துணி மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்தோம்.

ஒரு மணி நேரம் சர்வரைப் பார்த்தாள். என் நோட்டுகளையும் புரட்டினாள்.

"அக்கா, இதுல ஒண்ணும் ஒடையல. இத்தினி சுத்தமா எங்க கம்பெனியிலகூட நான் பாத்ததில்ல."

"அப்புறம் ஏன் போக மாட்டேங்குது?"

"உள்ள தப்பில்லக்கா. வெளிய நமக்கு அட்ரஸே இல்ல. நாளைக்கே புது நம்பர் குடுத்தாலும், பெரிய மெயிலுக்காரங்க நம்மள நம்பறதுக்கு மாசக்கணக்குல ஆகும். வாடகைப் பொட்டிக்கே போயிருங்க. டொமைன் கணக்குல ரெண்டு வரி மாத்தணும், அவ்ளோதான். அரை மணி வேல."

அந்த அரை மணி நேரம்தான் இந்தக் கதையில் நான் மகிழ்ச்சியாக இருந்த நேரம். எங்கள் இணையப் பெயரைப் பதிவு செய்திருக்கும் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தோம். பாஸ்வேர்டு முதல் நோட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. முதல் தடவையே சரியாகப் போனது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த திரை வந்தது. உங்கள் பதிவு மெயிலுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே இடுங்கள்.

"எந்த மெயிலு குடுத்திருக்கீங்க?"

நான் நோட்டை அவள் பக்கம் திருப்பினேன். அதே இரண்டாம் பக்கத்தில், என் கையெழுத்தில், சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு: "எல்லாக் கணக்குகளும் அலுவலக முகவரியிலேயே. வெளி முகவரி எதுவும் கூடாது."

அவள் படித்தாள். சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பீரோ சாவிய பீரோவுக்குள்ளயே வெச்சி பூட்டிட்டீங்களேக்கா."

பதிவில் இருந்த போன் நம்பரையும் பார்த்தோம். திருப்பிக் கொடுத்துவிட்ட லேண்ட்லைன் அது. அந்தக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினோம். புகார் பதிவாகிவிட்டது, விவரம் பதிவு மெயிலுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றது ஒரு குரல். மறுபடி பேசினோம். நிறுவனச் சான்று, முதலாளியின் அடையாள அட்டை, நோட்டரி கையெழுத்து அனுப்பினால் சரிபார்க்கப் பதினைந்து வேலை நாள். நடுவில் தீபாவளி. எங்களிடம் நான்கு நாள் இருந்தது.

குழந்தை எழுந்து அழுதது. அவள் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கூலியை எடுத்து நீட்டினேன்.

"வேல ஒண்ணும் ஆவலியேக்கா. பஸ் காசு போதும்."

"உண்மையைச் சொன்னியே, அதுக்கு."

"அதுக்கு யாருக்கா காசு குடுப்பாங்க?" என்றாள். வற்புறுத்திக் கொடுத்தேன்.

அன்று மாலை முதலாளியிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கேட்டார்.

"ஒரு நாளு அணைச்சதுக்கா இவ்ளோ?"

"ஆமாங்க."

"பூசைக்குத்தானே அணைச்ச. சாமி காரியம். உடும்மா, நம்ம நேரம்."

அவர் திட்டியிருந்தால் சொல்லியிருப்பேன். ஆறு வருடம் அணைக்காதவள் ஏன் அந்த வருடம் அணைத்தேன் என்று சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. சாவியைப் பற்றிய என் தவறையும் அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. நோட்டரிக்குப் போக வேண்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த நாட்களில் மூன்றாம் தறிப் பெண் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் கதவில் சாய்ந்து கேட்பாள்.

"மெயிலு வந்துச்சாக்கா?"

"இன்னும் இல்ல."

"நீ ஒரு தேங்கா ஒடை. பூசைக்கு லீவு குடுத்தோம்ல, சோம்பேறியாயிருச்சி. நம்ம வூட்டு ஆளு மாதிரி."

அவளிடமும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளா தெரியாது. நம்பியிருந்தால் இன்னும் மோசம்.

பத்தாம் நாள் மாலை முதலாளி மலேசியாவுக்குப் போன் செய்தார். ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விட்டது. மரியாதையாகத்தான் சொன்னார்கள், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். அவர் போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போனார். தறிச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூன்று தறிகள் மட்டும் மறுபடி ஓடின. ஏற்றிய பாவை முடித்தாக வேண்டும். அந்தச் சேலைகள் உள்ளூர் வியாபாரிகளிடம் போயின. பாவு முடிந்ததும் மூன்றாம் தறியில் அடுத்த பாவு ஏறவில்லை. மொத்தத்தில் ஆறு தறிகளுக்கு ஏறவில்லை. முதலாளியிடம் இருந்த வேலை ஐந்து தறிகளுக்கே காணும்.

காகிதங்கள் கார்த்திகையில்தான் சரிபார்க்கப்பட்டன. கணக்கு திறந்தது. சேத்துப்பட்டுப் பெண் போனிலேயே வழி சொல்ல, இரண்டு வரியை மாற்றினேன். அவள் சொன்னபடியே அரை மணி நேரம்தான் ஆயிற்று. எங்கள் மெயில் இப்போது யாரோ ஒருவருடைய பெட்டியில், மாத வாடகையில், ஒரு குறையும் இல்லாமல் வருகிறது, போகிறது. எங்களுக்கு எழுதுவதை நிறுத்திவிட்ட கடைகளுக்கு அது தெரியாது. நோட்டில், "காலை 10.05. சர்வர் அணைக்கப்பட்டது. காரணம்: தேவை இல்லை" என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னும் பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஆயுத பூசை வரியின் நான்காம் பத்தியைத் திருத்தலாம் என்று பலமுறை பேனாவை எடுத்தேன். என்ன எழுதினாலும் மூன்றாம் தறிப் பெண்ணின் பேர் வந்துவிடும். விட்டுவிட்டேன்.

தை பிறந்த பின் ஒரு காலை, அலுவலகம் வரும் வழியில் அவளைப் பார்த்தேன். பேருந்து நிறுத்தத்தில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான்கைந்து பெண்களோடு நின்றிருந்தாள். செய்யாறு பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம்.

"எப்படி இருக்குது வேலை?"

"நின்னுகினே செய்யணும்க்கா. ஒக்காந்தே பழகுன காலு, ராத்திரியில குடையுது. ஆனா பஸ்ஸு வாசலுக்கே வருது." பிறகு பழைய குரலில் கேட்டாள். "மெயிலு வந்துச்சா?"

"இப்ப வருது."

"பாத்தியா, நாந்தான் சொன்னேனே! ஒரு நாளு லீவு குடுத்தா எல்லாம் சரியாப் போவும்னு."

கம்பெனி பேருந்து வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அலுவலகம் திறக்க இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. வெறுமனே அங்கேயே நின்றிருந்தேன்.