தம்பி வரும் நாளின் தண்ணீர்

ஆரோக்கியமேரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அப்புறம்தான். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு அடுத்த மிஷினில் உட்கார்ந்து தைப்பவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா, அம்மா இரண்டு பேரையும் கடைசிவரை பார்த்து அடக்கம் செய்தவள் அவள்தான். தம்பி டேனியல் பள்ளிக்கூட நாளிலேயே சென்னை ஹாஸ்டலுக்குப் போனவன். வேலை, குடும்பம் எல்லாம் அங்கேயே அமைந்துவிட்டது.

வீடு ஏரிக்கரையில். தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு ஊறி ஊறி அந்தப் பக்கத்து போர் தண்ணீர் எல்லாம் உப்பு. பருப்பு வேகாது. ஆனால் மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியதும் ரிசார்ட்காரர்கள் வந்து படகு விட்டார்கள், சுற்றியிருந்த மனைகளை ஏறின விலைக்கு வளைத்துப் போட்டார்கள். அவர்களுக்கென்ன, தண்ணீர் லாரியில் வருகிறது.

டேனியல் தன் பாதியைக் கேட்டான். அதில் தப்பு சொல்ல முடியாது. மதிப்பீட்டாளர் சொல்லும் விலையில் பாதியை அக்கா கொடுத்தால் வீடு அவளுக்கு, முடியாவிட்டால் ரிசார்ட்டுக்கு விற்றுப் பிரித்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். அவள் சம்பளத்துக்கு பாங்க் கொடுக்கும் கடன் கொஞ்சம்தான். விலை கம்மியாக வந்தால்தான் வீடு அவளிடம் தங்கும்.

பாங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் ஆதிகேசவன் எங்கள் வீட்டுக்கும் வந்தவர்தான். பக்கத்து மனைகள் என்ன விலைக்குப் போயின என்று விசாரிப்பார், பாதை அகலத்தை அளப்பார், கட்டடத்தின் வயசுக்குக் கழிப்பார். கடைசியில் குழாயைத் திறந்து ஒரு வாய் குடிப்பார். எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் மதிப்பீடு கிடையாது. உப்பென்றால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் விலையை இறக்கிவிடுவார். அந்த ஒரு வாயை நம்பித்தான் மேரி நிம்மதியாகத் தூங்கினாள்.

அன்றைக்கு டேனியலும் வந்திருந்தான். நானும் துணைக்கு நின்றேன். ஆதிகேசவன் குழாயைத் திறந்து குடித்தார். நம்பாமல் இன்னொரு வாயும் குடித்தார்.

"தண்ணி அருமையா இருக்குதும்மா. இந்தப் பக்கத்துல இப்படி நான் குடிச்சதே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேரியைப் பார்த்தேன். அப்போதுதான் அவளுக்கே உறைத்திருக்கிறது. தம்பி வருகிறான் என்றால் முந்தின நாளே மாடித் தொட்டியைக் காலி செய்து, நல்ல தண்ணீர் வரவழைத்து நிரப்பிவிடுவாள். ஊர்த் தண்ணீர் கெட்டது அவன் போன பிறகு. அவன் முகம் கழுவும்போது கண் எரியக் கூடாது, அக்கா இதிலேயா குளிக்கிறாள் என்று அவன் மனசு கஷ்டப்படவும் கூடாது. வருஷக் கணக்காகச் செய்த வேலையை இந்தத் தடவையும் கை தானாகச் செய்துவிட்டது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் வாயே திறக்கவில்லை. நான் சொல்லப் போனேன், என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் போனதும் கொல்லைப் பக்கம் இழுத்துப் போய்த் திட்டினேன்.

"இப்ப சொன்னா, விலைய கொறைக்கத்தான் பொய் சொல்றேன்னு தம்பி நெனைப்பான், எழிலு" என்றாள்.

விலை ஏறித்தான் வந்தது. பத்திரம் ரிசார்ட் பேருக்குப் பதிவானது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவளை என்ன சொல்வது?

காலி செய்த அன்று டேனியல் ஒத்தாசைக்கு வந்தான். கெட்டவனில்லை, வியர்க்க வியர்க்க பீரோவைத் தூக்கினான். அந்தத் தடவை மேரி தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி வைக்கவில்லை. அவன் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவி, ஒரு கை அள்ளி வாயில் வைத்தவன், துப்பினான்.

"இன்னாக்கா இது, இப்படி உப்பு கரிக்குது?"

மேரி துணி மூட்டையை முடிந்துகொண்டே சொன்னாள்: "நம்ம வூட்டுத் தண்ணிதாண்டா. நீ குடிச்சதில்ல."

அவன் மாடித் தொட்டியை அண்ணாந்து பார்த்தான். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள்தான் எழுந்து போய் மூடினாள்.