பார்த்தவர் கையெழுத்து

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் சீக்கிரம் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போகும் காரியத்தில் நேர்மைக்கு எவ்வளவு பங்கு, கோபத்துக்கு எவ்வளவு பங்கு என்று இன்றுவரை எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்த புதிதில், பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு தோணிக் கம்பெனியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பாய்மரத் தோணிகள், சரக்கு அடுக்கிவைக்க ஒரு கிட்டங்கி, அதன் மாடியில் எங்கள் ஆபீஸ், அவ்வளவுதான். தோணிகள் இங்கிருந்து வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும்.

முதலாளி உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து வந்து பஜாரில் வெங்காய மண்டி வைத்து, பிறகு தோணி வாங்கியவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றது, நாங்களும் அப்படித்தான். பெரும்பாலும் மண்டியில்தான் உட்கார்ந்திருப்பார். ஆபீஸை மேனேஜர் பார்த்துக்கொண்டார். நான் நாசரேத்துக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் ஓய்வு பெற்றபின் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கியது நான் ஒருத்திதான். அதனால் அந்த வேலை எனக்கு விளையாட்டு இல்லை.

தோணிக்கு எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதற்கு அதன் விலாவில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். சரக்கு ஏற ஏறத் தோணி தண்ணீருக்குள் இறங்கும். கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் சரி, முங்கிவிட்டால் பாரம் அதிகம் என்று அர்த்தம். சரக்கு ஏற்றி முடித்ததும் யாராவது ஒருவர் வள்ளத்தில் ஏறித் தோணியைச் சுற்றிவந்து கோட்டைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, ‘கோடு தெரிகிறது’ என்று ஒரு தாளில் டைப் செய்து, அடியில் ‘பார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, போர்ட் ஆபீஸில் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் போகாமல் தோணி கிளம்ப முடியாது.

பார்க்க வேண்டியவர் மேனேஜர்தான். ஆனால் அவர் எந்நேரமும் பளபளவென்று ஷூ போட்டிருப்பவர். வள்ளத்தில் ஏறினால் ஷூ நனையும் என்பதற்காக, நான் சேர்ந்த முதல் மாதமே அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. மாடியில் உட்கார்ந்து டைப் அடிப்பதைவிட வள்ளத்தில் போவது எவ்வளவோ மேல். சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையால் குடையும் மறு கையால் வள்ளத்தின் விளிம்பும் பிடித்துக்கொண்டு நான் போவதைப் பார்த்து தோணித் துறையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒவ்வொரு வருஷமும் காற்றுக்காலம் அடங்கித் தோணி ஓட்டம் தொடங்கும் முன் தோணிகளுக்குப் புதுப் பூச்சுப் பூசி, மாதா கோயில் சாமியாரை அழைத்து மந்திரித்து, கொடி கட்டுவார்கள். அந்த வருஷமும் அப்படியே நடந்தது. முதல் தோணி சரக்கு ஏற்றி நின்றபோது நான் வள்ளத்தில் போனேன். கோடு தண்ணீருக்கு மேலே அழகாகத் தெரிந்தது. புது வெள்ளை, கண்ணைப் பறித்தது. சரி என்று திரும்பச் சொல்லப்போனேன். அப்போது ஒரு அலை இறங்கியது. தண்ணீருக்குள்ளிருந்து தோணியின் விலா கொஞ்சம் வெளியே வந்தது. புதுக் கோட்டுக்குக் கீழே, கறுப்புப் பூச்சுக்கு அடியில், நீளமாக ஒரு தடிப்பு. வருஷா வருஷம் வெள்ளையின் மேல் வெள்ளை அடித்து அடித்துத் தடித்துப்போன பழைய கோடு அது. அதைக் கறுப்பால் மூடிவிட்டுப் புதுக் கோட்டை மேலே ஏற்றிப் போட்டிருந்தார்கள். வள்ளக்காரரை நிறுத்தச் சொல்லிக் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. உண்மையான கோடு முங்கிக் கிடந்தது.

இதில் விசேஷம் என்னவென்றால், ‘கோடு தெரிகிறது’ என்று நான் எழுதினால் அது பொய் ஆகாது. கோடு தெரியத்தான் செய்தது. ஆனால் அந்தத் தோணியில் எட்டுப் பேர் போகிறார்கள். நடுக்கடலில் காற்று மாறினால் கறுப்புப் பூச்சுக்கு அடியில் இருக்கிற கோடுதான் கணக்கு.

நேராக மாடி ஏறி மேனேஜரிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அண்ணாச்சி சொல்லிவிட்டார்கள், மிஸ், நமக்கென்ன, தெரிவதைத் தெரிகிறது என்று எழுதுங்கள் என்றார். முடியாது என்றேன். உங்களால் முடியாவிட்டால் முடிகிற டைப்பிஸ்ட் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அவர் கத்தியிருந்தால் ஒருவேளை நான் பயந்திருப்பேன். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சலை மூட்டிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

முதலில் பெயிண்டரைத் தேடிப் போனேன். அவர் மீனவர் தெரு முனையில் சிலுவை நிற்கும் குருசடிக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார். கோட்டை ஏன் ஏற்றினீர்கள் என்று கேட்டதற்கு அவர் கொஞ்சமும் பதறவில்லை. மேனேஜர் வந்து, அண்ணாச்சி சொல்லுதாங்க, நாலு விரக்கடை ஏத்தி அடி என்றாராம், அடித்தாராம். “எனக்கு மேலயும் வெள்ளதான், கீழயும் வெள்ளதான்” என்று சொல்லிவிட்டு நீலத்தைத் தொடர்ந்தார்.

அங்கிருந்து பஜாருக்கு நடந்தேன். உச்சி வெயில். பாதி வழியில் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டும் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டும் மண்டிக்குள் நுழைந்தேன். அண்ணாச்சி என் கையைப் பார்த்துக் கொஞ்சம் பின்னால் நகர்ந்துதான் உட்கார்ந்தார். செருப்பைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“நான் எப்பம்மா ஏத்தச் சொன்னேன்?” என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். இந்த வருஷம் இன்னும் நாலு மூடை கூடப் போனால் நன்றாக இருக்கும் என்று மேனேஜரிடம் பெருமூச்சு விட்டாராம், அவ்வளவுதானாம்.

ஆக, அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். மேனேஜர் அதை உத்தரவாக்கினார். பெயிண்டர் அதைக் கோடாக்கினார். இனி நான் அதைக் கையெழுத்தாக்க வேண்டும். ஆனால் கேட்டால் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பன் பெயர் தெரியாத உத்தரவு ஒன்று தூத்துக்குடி வெயிலில் தன்னந்தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

மந்திரிப்பு அன்று தோணிக்கு மாலை போட்டவர் நீங்கள்தானே, கோட்டைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அவர் கல்லாவில் இருந்த ரசீதுகளை அடுக்கினார். பார்த்திருக்கிறார்.

“நீங்க சொன்னீங்கன்னா சொன்னேன்னு சொல்லுங்க, பார்த்தவர்ங்கிற எடத்துல நீங்களே கையெழுத்துப் போடுங்க. சொல்லலேன்னா மூடைய எறக்கச் சொல்லுங்க. ரெண்டும் இல்லாம எங் கையெழுத்து கெடைக்காது, அண்ணாச்சி” என்றேன்.

சொல்லி முடித்துவிட்டேன். வீட்டில் அப்பாவிடம் என்ன சொல்வது என்று அந்த நிமிஷத்தில்தான் யோசித்தேன். மண்டியில் மூடை தைத்துக்கொண்டிருந்தவர்கள் தையலை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கோபக்காரி என்று பெயர் இருந்ததே தவிர, வேலை போனாலும் பரவாயில்லை என்ற தைரியம் ஒருநாளும் இருந்ததில்லை. வேலை போகக்கூடாது என்று மனசுக்குள் ஜெபம்தான் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி எழுந்தார். ரிக்‌ஷா கூப்பிடச் சொல்லி, என்னையும் ஏறச் சொன்னார். துறையில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வள்ளத்தில் ஏறி, அந்தத் தடிப்பைத் தானே தடவிப் பார்த்தார். திரும்பி வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார். மேனேஜர் ஷூவோடு மணலில் நின்றுகொண்டிருந்தார்.

“கோட்ட ஏத்தணும்னு நான் வாயால சொல்லல. ஆனா ஏத்தினதப் பாத்துட்டும் பேசாம இருந்தேன். அப்ப அது நான் சொன்னதுதான். பெயிண்டரையும் மேனேஜரையும் யாரும் ஒண்ணும் கேக்காதீங்க. பழைய கோடு தெரியுற வரைக்கும் மூடைய எறக்குங்கலே.”

பெரியவர்களிடம் எதிர்பார்க்க வேண்டியது இவ்வளவுதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது, இப்போதும் அப்படியேதான் நினைக்கிறேன். அவர்கள் மகான்களாக இருக்க வேண்டாம். நாலு மூடைக்கு ஆசைப்படுவார்கள், பெருமூச்சு விடுவார்கள், பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்கள். ஆனால் கேட்கிற இடத்தில் ‘நான்தான்’ என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த ஒன்று இருந்தால் கீழே வேலை பார்ப்பவர்கள் நல்லவர்களாக இருப்பது பாதி சுலபமாகிவிடும். அன்றைக்கு அவர்மேல் எனக்குப் பெரிய பிரியம் வந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

இனி எல்லோரும் என்னைக் கொண்டாடுவார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. தோணியில் போகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, சரக்கு வாடகையில் பங்குதான். மூடை குறைந்தால் பங்கும் குறையும். தோணியை ஓட்டிப்போகும் தண்டல் நேராக என்னிடம் வந்து, “எங்க பங்குல மண்ணப் போட்டுட்டியளே தாயி” என்றார். உங்கள் உயிருக்காகத்தான் அலைந்தேன் என்று நான் சீறினேன். உயிரும் தன்னுடையது, பங்கும் தன்னுடையது, இரண்டையும் நினைக்காமல் எப்படி என்று அவர் நிதானமாகச் சொன்னார். கிளம்பும்போது மட்டும் பாய்க்கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அதை நன்றி என்றே வைத்துக்கொண்டேன்.

நான் சொன்னது சரி என்று காட்ட ஒரு புயலாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அடுத்த தெருக்காரருடைய தோணி கழுத்துவரை ஏற்றிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திரும்பிவந்தது. அண்ணாச்சி அதை எனக்கு மாடிப்படியிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னார். இறக்கிய வெங்காயம் கிட்டங்கியில் முளைவிட ஆரம்பித்து, ஆபீஸ் முழுவதும் நாற்றம். கடைசியில் அதை எங்களுக்கே பங்கு வைத்துவிட்டார்கள். அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் வெங்காயக் குழம்பு, வெங்காய வடை, வெங்காயப் பச்சடி. மேனேஜர் தன் பங்கைப் பையில் தூக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், ஷூ சத்தம் கேட்கப் படியிறங்கிப் போனது எனக்கு அந்த நாற்றத்துக்கெல்லாம் ஈடாக இருந்தது.

அதன் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ‘அண்ணாச்சி சொன்னாங்க’ என்று மேனேஜர் எதைக் கொண்டுவந்தாலும், டைப் அடிக்குமுன் மண்டிக்குப் போய், நீங்கள்தான் சொன்னீர்களா என்று கேட்பேன். காகிதம் வாங்குவதற்குக்கூடக் கேட்டேன். ஆமாம்மா, நான்தான், போ என்பார். சில நாள் தலையில் அடித்துக்கொண்டும் சொல்வார். மேனேஜருக்கு என்னைக் கண்டாலே ஆகாமல் போயிற்று.

அடுத்த ஓட்டம் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, மேனேஜர் கையால் எழுதிய ஒரு கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஆபீஸில் வேலை குறைந்துவிட்டதால் டைப்பிஸ்ட் இனித் தேவையில்லை என்று எழுதியிருந்தது. அண்ணாச்சி சொல்லிவிட்டார்கள், டைப் அடித்து வையுங்கள் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தார். என் சீட்டுக் கிழிவதை நானே டைப் அடிக்க வேண்டும். கண் கலங்கிப் போய், வீம்புக்கு அடித்தேன். வழக்கமாக நாலு தப்பாவது விழும். அன்றைக்கு ஒரு தப்புக்கூட இல்லை.

அதை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போய் அண்ணாச்சி முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

“நீங்கதான் சொன்னீங்களா, அண்ணாச்சி?”

“இந்தப் பிள்ள இல்லாட்டி எனக்கு நிம்மதியா இருக்கும்னு போன வாரம் சொன்னேன்.”

“பக்கத்துல மேனேஜர் இருந்தாரா?”

“இருந்தாரு.”

“அப்ப சொன்னீங்களா, இல்லையா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு கடிதத்தை நாலாக மடித்துக் கல்லாவுக்கு அடியில் தள்ளினார்.

“இன்னும் சொல்லலம்மா” என்றார். “சொல்லணும்னா நானே ஒம் மொகத்தப் பாத்துச் சொல்லுவேன். நாளைக்குப் பெயிண்டர் வாரான், கோடு போடும்போது அங்கன நின்னு பாத்துக்கோ.”