சுவரில் நடந்த ஹெட்மாஸ்டர்

நேற்று மதியம், இழுத்து மூடிய திரையின் சிறு ஓட்டை வழியாக, எதிர்வீட்டு மாடித் துணிகள் என் படுக்கையறைச் சுவரில் தலைகீழாக ஆடின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எழுபதுகளில், முத்தியால்பேட்டையில் நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, எங்கள் ரெஜினா டீச்சர் வகுப்பறையையே கேமராவாக்கினார். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டினோம். மைதாப் பசை வாசத்தில் வியர்த்துக் காத்திருந்தோம். தாளில் அவர் ஓர் ஓட்டை போட்டதும், எதிர்ச்சுவரில் சைக்கிளும் மாடுமாகத் தெருவே தலைகீழாகப் போனது.

எங்கள் கூச்சலைக் கேட்டு ஹெட்மாஸ்டர் பிரம்போடு வந்துவிட்டார்.

"பட்டப்பகல்ல வகுப்ப இருட்டாக்கிட்டு என்ன கூத்தும்மா இது? எல்லாத்தையும் கிழிங்க!"

எங்களுக்கு அழுகை முட்டியது.

"ஒரே நிமிஷம் அந்தச் செவுத்தப் பாருங்க சார்" என்றார் டீச்சர்.

பார்த்தார். விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

டீச்சர் தாளைக் கிழிக்கக் கையை வைத்தபோது பிலோமினா கத்தினாள். "டீச்சர், சார் செவுத்துல வர்றாரு!"

வேட்டியும் குடையுமாக ஹெட்மாஸ்டர் தலைகீழாக நடந்துகொண்டிருந்தார். நடுத்தெருவில் நின்று எங்களைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினார்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர், "நான் தெரிஞ்சனா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சீங்க சார்!" என்று வகுப்பே அலறியது.

குடையை டீச்சரிடம் நீட்டிவிட்டு, எங்கள் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப நீங்க போய் நடங்கம்மா. நான் பாக்குறேன்."