தேடல் பெட்டிக்கு ஒரு விண்ணப்பம்

நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்குப் படிப்பாசை வந்தது. திண்டிவனத்தில் விதைக்கடை வைத்துக்கொண்டு ஆன்லைனில் எம்.ஏ. பொருளியல் சேர்ந்தேன். முதல் வருடம் அசைன்மென்ட்டைக் கெடுவுக்குள் அனுப்பாததால் தேர்வு எழுத விடவில்லை. மறுவருடமும் தவறினால் புத்தகங்கள் எடைக்குப் போகும் என்று வீட்டம்மா பழைய பேப்பர்காரரிடமே பேசி வைத்திருந்தாள்.

கடைசி நாள் வந்தது. ஐந்து மணிக்குள் கட்டுரையை ஏற்ற வேண்டும். அறுவடை நேரத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் விலை ஏன் விழுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன். ஆனால் ஆய்விதழ்க் கட்டுரைகளை மேற்கோள் காட்டாமல் வாங்க மாட்டார்களாம். மின்நூலகத்தில் தேடித் தேடி ஓய்ந்து, விழுப்புரம் படிப்பு மையத்தில் இருந்த நூலகர் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"காலைலேருந்து தேடிக்கினு இருக்கேன் மேடம். ஒண்ணும் வரல."

என் திரை தனக்கும் தெரியும்படி அவர் ஏதோ செய்தார். அம்புக்குறி தானாக நகர்ந்ததும் நான் நாற்காலியோடு பின்வாங்கினேன்.

"பயப்படாதீங்கண்ணா, நான்தான். எப்பிடித் தேடுனீங்களோ அப்பிடியே தேடுங்க."

தேடினேன். மறுமுனையில் இருமல் மாதிரி ஒரு சத்தம்.

பெட்டியில் நான் அடித்தது இதுதான்: 'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நிலக்கடலை விலை வீழ்ச்சி குறித்த கட்டுரைகள் இருப்பின் வழங்கி உதவுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிப் பழகிய கை. முதலில் வெறும் 'பணிவுடன்'தான் போட்டேன். பதில் வராததால் 'மிகவும்' சேர்த்தேன்.

"அண்ணா, அது ஆபீசர் இல்லீங்க, பொட்டி. நெலக்கடலை, வெலை, அறுவடை. இத மட்டும் குடுங்க. இங்கிலீஷ்லயும் போட்டுப் பாருங்க."

"வணக்கம்கூட வேணாமா?"

"வேணாண்ணா. ஜல்தி!"

"பேஜாரா இருக்கு மேடம். நீங்களே எடுத்து அனுப்பிடுங்களேன்."

"அனுப்பிடலாம். அடுத்த கட்டுரைக்கு என்னா பண்ணுவீங்க? அடிங்க, நான் போன வெக்கல."

அடித்தேன். கட்டுரைகள் கொட்டின. எது ஆய்விதழ், எது வெறும் செய்தி, பழையதை எப்படி ஒதுக்குவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் அங்கே யாரோ, "மேடம், பஸ் போயிடும்" என்றார்கள். "நீ போ, அடுத்ததுல வர்றேன்" என்றார் இவர்.

கெடு முடியுமுன் கட்டுரை ஏறியது.

ஹால் டிக்கெட் வந்த அன்று, வீட்டம்மாவுக்கு முன்னால் நூலகர் அம்மாவுக்குத்தான் சொன்னேன். அதற்காக வீட்டில் கிடைத்த அர்ச்சனை தனி. ஆனாலும் அந்த வரிசை சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.