வெலாபி பேசாதிருந்த சனிக்கிழமை

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய பைன்டவுன் டாக்சி நிலையத்தில் வெலாபி செலேயின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்தாறு வருடமாக அங்கே வரிசை பார்க்கிற வேலை. எந்த வேன் எங்கே போகிறது என்று கூவி ஆள் சேர்த்து, பதினைந்து பேர் நிறைந்ததும் கதவை இழுத்துச் சாத்தி அனுப்ப வேண்டும். கூவி முடித்த பிறகாவது வாய் ஓய வேண்டாமா? ஓயாது. கால்பந்து, மழை, அடுத்தவன் வீட்டுக் கல்யாணம், எதையும் விட மாட்டார். "ந்தோசி, உங்க வாய்க்கு ஒரு நாள் லீவு குடுங்க" என்று அவருடைய குலப்பெயரைச் சொல்லி ஓட்டுநர்கள் கெஞ்சுவார்கள்.

அப்பேர்ப்பட்ட வாய்க்கும் ஒரு காப்பீட்டுக் கம்பெனி இரண்டு வருடமாக அசைந்து கொடுக்கவில்லை.

குவாண்டெங்கேசியில் மலைச்சரிவில் ஒரு வீடு வைத்திருந்தார். வங்கிக் கடனில் வாங்கிய வீடு. கடன் வேண்டுமென்றால் காப்பீடும் எடு என்றார்கள், எடுத்தார். பதினோரு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தின ஏப்ரலில், ஈஸ்டருக்கு முந்தின வாரம், மழை கொட்டோ கொட்டென்று கொட்டி மேலே இருந்த மண் மொத்தமாக இறங்கியது. பின்பக்கத்துத் தாங்குசுவர் சாய்ந்தது. சுவரை ஒட்டிய அறையில் அவருடைய அக்கா சோட்வா படுத்திருந்தாள். விடிந்த பிறகுதான் அவளைத் தோண்டி எடுக்க முடிந்தது. மபுமுலோவில், அவர்கள் பிறந்த ஊரில், அடக்கம் செய்தார்கள்.

வெலாபியும் மனைவி கொம்பிசிலேயும் மகள் நொக்வாண்டாவும் நான்கு மாதம் ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் நூற்றுச் சொச்சம் பேரோடு மெத்தை போட்டுக் கிடந்தார்கள். பிறகு அரசாங்கம் டர்பன் நகரத்துக்குள் ஒரு பழைய கட்டடத்தில், ஆறாவது மாடியில், ஓர் அறை கொடுத்தது. தற்காலிகம் என்றார்கள். வெலாபி அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சுவரில் ஓர் ஆணி அடிக்க விடவில்லை. மகள் திரைச்சீலை வாங்கி வந்தபோதுகூட, "நம்ம வீட்டு ஜன்னலுக்கு அளவு பாத்து வாங்கியிருக்கலாம்ல?" என்று கடிந்துகொண்டார். நம்ம வீட்டில் அப்போது ஜன்னல் ஏது? முன்பக்கத்து ஒன்றரைச் சுவர்தான் நின்றது.

கம்பெனிக்கு வாரம் தவறாமல் போன் போட்டார். முதலில் இருபது நிமிடம் பாட்டு. பிறகு ஒரு புதுக்குரல். ஒவ்வொரு தடவையும் புதுக்குரல்தான். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்கு முன் எடுத்த போட்டோ கேட்டார்கள். டிவி வாங்கின ரசீது கேட்டார்கள். "ரசீது டிவிக்கு அடியிலதாம்மா இருந்துச்சு, ரெண்டும் சேந்தே கடலுக்குப் போயிடுச்சு" என்றார். அந்தப் பெண் சிரிக்காமல், "அப்படின்னா ரசீது இல்லைன்னு போட்டுக்கறேன் சார்" என்றாள். ஒருத்தன், அந்த முகவரியில் இப்போதும் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவாருங்கள் என்றான். அன்று வெலாபி போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் கடிதம் வந்தது. சுவர் விழுந்தது வெள்ளத்தால் அல்ல, பராமரிப்பு இல்லாமல் நாளடைவில் பழுதாகி விழுந்தது, ஆகவே காப்பீடு செல்லாது என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சரிவில் ஏழு வீடு போனது. மற்ற ஆறு வீட்டுச் சுவர்களில் மயிரளவு கீறல்கூட இருந்ததில்லை. மலையே இறங்கி வந்தால் எந்தச் சுவர் நிற்கும்? இதைக் கேட்க ஒரு நாதி இல்லை.

ஆனால் வெலாபி வீட்டுச் சுவரில் விரிசல் இருந்தது. அதுதான் தொந்தரவு. டிசம்பரிலேயே சோட்வா அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள். விரிசலுக்குள் தன் கைமுட்டியை நுழைத்து, "பாருடா, என் கை உள்ள போகுது. என்னைக்காவது என் தலையில விழப் போகுது" என்றாள். ஈஸ்டர் கழியட்டும், ஆள் வைத்துப் பார்க்கிறேன் என்றார் வெலாபி. ஈஸ்டர் வருவதற்குள் மழை வந்துவிட்டது.

கம்பெனி கேட்டபோதெல்லாம் விரிசலே இல்லை என்று அடித்துச் சொன்னார். கேட்ட எல்லாக் குரல்களிடமும் சொன்னார். குறைதீர்க்கும் அலுவலகத்துக்கும் அப்படியே எழுதிப் போட்டார். கொம்பிசிலேக்கு உண்மை தெரியும், அவள் வாய் திறக்கவில்லை. ஒரு பொய்தான், அதன்மேல்தான் அவர்களுடைய வீடு நின்றது.

அக்கா விஷயத்திலும் ஒரு தப்பு செய்தார். வீட்டுக்கு வெளியே செத்தவர்களின் உயிரைத்தான் முள்கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். சோட்வா வீட்டிலேயே செத்தவள். வீடு மறுபடி எழும்பினால் தானாக அதற்குள் வந்துவிடப் போகிறாள், எதற்கு அழைக்க வேண்டும் என்று விட்டுவிட்டார். இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒரு நாள் விடியலில் கொம்பிசிலே கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

"சோட்வா சிசி வந்தாங்க கனவுல. நனைஞ்சு போய் நிக்கறாங்க. எல்லாரும் எங்க போனீங்கன்னு கேக்கறாங்க."

வெலாபி அன்று வேலைக்குப் போகவில்லை. மபுமுலோவில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் செய்தார். சித்தப்பா பிடிபிடியென்று பிடித்தார்: "ரெண்டு வருசமா ஒரு பொம்பளையத் தனியா மலையில நிக்க வச்சிருக்கியே, வெட்கமா இல்ல? வீடு இல்லேன்னா என்ன, நீ எங்க தூங்கறியோ அங்க கூட்டிட்டு வா!" சனிக்கிழமை என்று நாள் குறித்தார். ஆட்டுக்குச் சொல்லி, சோளக் கள் ஊறப் போட்டார்கள்.

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. குறைதீர்ப்பாளர் சொன்னபடி மறு ஆய்வு செய்ய சனிக்கிழமை பத்து மணிக்கு இடிந்த வீட்டுக்கு ஆள் வருவார், காப்பீட்டுதாரர் நேரில் இருந்து வாக்குமூலம் தர வேண்டும், தவறினால் கோப்பு மூடப்படும்.

"நல்லதாப் போச்சு. பத்து மணிக்கு அவனை முடிச்சு அனுப்பிட்டு, பன்னெண்டுக்கு சிசியைக் கூப்பிடலாம்" என்றார் வெலாபி.

சனிக்கிழமை வெலாபியும் கொம்பிசிலேயும் இடிந்த வீட்டில் காத்திருந்தார்கள். பத்து ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, ஒருவனும் வரவில்லை. போன் போட்டால் பாட்டு. நகரத்து அறையில் காத்திருந்த சித்தப்பா, பொழுது சாய்வதற்குள் அவளை உள்ளே கொண்டுவா என்று நாலு தடவை கூப்பிட்டுவிட்டார். ஒரு மணிக்கு வெலாபி பொறுத்தது போதும் என்று எழுந்தார். பின்னறை இருந்த இடத்தில், முன்னோரை அழைக்கிற இம்பெபோ மூலிகையைக் கொளுத்திப் புகை போட்டு, இலந்தை முள்கிளையை மண்ணில் வைத்து, "சிசி, நான் வெலாபி. வா, போகலாம்" என்று அழைத்துக் கிளையைக் கையில் எடுத்தார். இனி வீடு சேரும்வரை அவர் அவளோடு மட்டும்தான் பேசலாம். வேறு யாரிடமாவது ஒரு வார்த்தை பேசினால் அவள் இங்கேயே நின்றுவிடுவாள்.

அப்போதுதான் வெள்ளைக் கார் மேடேறி வந்தது.

இறங்கியவன் ஹாடெபெ என்று பெயர் சொன்னான். முப்பது வயது இருக்கும், சேறு படியாத காலணி. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. முள்கிளையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

"மன்னிச்சுக்கங்கம்மா. மூணு வீடு பாத்துட்டு வரேன், நேரமாயிடுச்சு" என்றான் கொம்பிசிலேயிடம்.

"தம்பி, நீங்களும் நம்ம ஜனம்தானே. இவர் இப்போ பேசக் கூடாது. திங்கக்கிழமை வர முடியாதா?"

"என் கையில இல்லம்மா. இன்னிக்கு வாக்குமூலம் வேணும்னு போட்டிருக்கு." கையிலிருந்த சின்ன ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. "ஒரே ஒரு கேள்விதான். விழறதுக்கு முந்தி அந்தச் சுவர்ல விரிசல் இருந்துச்சா?"

கொம்பிசிலே கணவனைப் பார்த்தாள். வெலாபி அவர்கள் பக்கம் திரும்பவில்லை. கிளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். போகிற வழியை அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் வழி தப்பிவிடும்.

"சிசி, உன் ரூம்ல இருந்து வெளிய வந்துட்டோம். இங்க கல்லு கெடக்கு, பாத்து வா. இது சமையலறை. இது..."

மண் சமையலறைவரை தள்ளிவந்து போட்டிருந்த தாங்குசுவருக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. அதைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். இது என்ன என்று அவளுக்குச் சொல்லியாக வேண்டும். செத்தவளிடம், அதுவும் இந்த இடத்தில், எப்படிப் பொய் சொல்வது?

"இது அந்தச் சுவர், சிசி. நீ காட்டினியே. கையை உள்ள விட்டுக் காட்டினியே. நான்தான் ஈஸ்டர் கழியட்டும்னு சொன்னேன். மழைக்கு நான் என்ன செய்வேன்? ஆனா உன்னை முன்ரூமுக்கு மாத்தியிருக்கலாம். ஒரு கட்டிலைத் தூக்கிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? செய்யல. எல்லார்கிட்டயும் விரிசலே இல்லைன்னு சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுடு." ஐம்பத்து நாலு வயது மனிதர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். பிறகு, "காலை நல்லாத் தூக்கி வை, கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு" என்று சொல்லிச் சுவரைத் தாண்டினார்.

ஹாடெபெ கையிலிருந்த கருவியைப் பார்த்தான். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான். விளக்கு அணைந்தது.

"அம்மா, அவர் எங்கிட்ட எதுவும் பேசல. அடுத்தவங்ககிட்ட பேசினதை நான் எழுத முடியாது. ஆள் நேர்ல இருந்தார், வாக்குமூலம் குடுக்கலைன்னு போட்டுடறேன். ஆபீஸ்ல இருந்து போன் பண்ணிக் கேப்பாங்க." தொப்பியை மாட்டிக்கொண்டே, "என்ன சொல்லணுமோ அப்போ சொல்லட்டும்" என்றான்.

பைன்டவுன் நிலையத்தில் வண்டி மாற வேண்டும். "அடேய், வெலாபி வாயை மூடிக்கிட்டு வரான்டா! உலகம் அழியப் போகுது!" என்று ஒருவன் கூவினான். கிளையைப் பார்த்ததும் எல்லோரும் வழிவிட்டார்கள். கொம்பிசிலே மூன்று பேருக்குக் காசு கொடுத்தாள். ஓட்டுநர் நடு இருக்கையைக் காலியாக விட்டார். வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒருத்தரும் அந்த இடத்தைக் கேட்கவில்லை. வழி முழுக்க வெலாபி மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்: இது பாலம், இது ஆஸ்பத்திரி, இனிமேல் கடல் வாசனை வரும்.

கட்டடத்துக்குள் நுழைந்ததும், "இது லிப்ட், சிசி. பேருக்குத்தான். படியேறு, ஆறு மாடி" என்றார்.

அறையில் முன்னோர்களுக்கான இடம் எது என்று சித்தப்பாவுக்கும் மகளுக்கும் காலையிலிருந்து தகராறு. கதவுக்கு நேர் எதிரே, உள்கோடியில் இருக்க வேண்டும். அங்கே அலமாரி நின்றது. கடைசியில் அலமாரியை நகர்த்தி, அதன் பக்கத்தில் இருந்த பிரிக்காத பெட்டிகளை எல்லாம் பிரித்து ஒழித்து இடம் பண்ணியிருந்தார்கள். வெலாபி அந்த மூலையில் கிளையை வைத்தார். "இதுதான் வீடு, சிசி. உக்காரு" என்றார். அந்த அறையை அவர் வீடு என்று சொன்னது அன்றுதான். கொம்பிசிலே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஆடு வெட்டினார்கள், மூன்று மாடி ஆட்கள் வந்து தின்றார்கள்.

புதன்கிழமை காலை போன் வந்தது. புதுக்குரல், ஒரு பெண்.

"காலை வணக்கம் சார். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுது. விழறதுக்கு முந்தி சுவர்ல விரிசல் எதாவது இருந்ததா சார்?"

வெலாபியின் கண் மூலைக்குப் போனது. கொம்பிசிலே அடுப்படியிலிருந்து வேகமாக வந்து அவர் தோளைத் தொட்டாள். காதோடு சொன்னாள்:

"ந்தோசி, வெளியில வராண்டாவுக்குப் போய்ப் பேசுங்க."

அவள் கண்ணில் கெஞ்சல் இருந்தது. மூன்று படுக்கையறை, மகளுக்குத் தனி ரூம், கொல்லையில் கீரைப் பாத்தி, எல்லாம் அந்தக் கெஞ்சலில் இருந்தது. வெலாபி எழுந்தார். கதவுவரை போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். வெளியே போனால் மூலையில் இருக்கிற அக்காவுக்குக் கேட்காது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

திரும்பி வந்து மூலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இருக்கேன்மா. எழுதிக்க. விரிசல் இருந்துச்சு. எனக்குத் தெரியும். நான் சரி பண்ணல. இதையும் எழுது: பக்கத்துல ஆறு வீடு போச்சு, அதுல எதுலயும் விரிசல் இல்ல. ரெண்டையும் எழுது."

சாவிப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "விரிசலை முதல்ல பாத்தது யாரு சார்?"

"எங்க அக்கா."

"இப்போ உங்ககூடத்தான் இருக்காங்களா?"

"ஆமா."

"அப்படின்னா அவங்ககிட்டயும் கேட்டு உறுதி பண்ணிக்கணும் சார். போனைக் கொஞ்சம் குடுக்க முடியுமா?"

வெலாபி முள்கிளையைப் பார்த்தார். கொம்பிசிலே மெல்ல வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அவ பேச மாட்டாம்மா. ஆனா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா" என்றார்.