எந்த ரோடி ரயன்?

நாக்லாரா கிராமத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஒரு ரயன் மேல்தான் விழும். அவர் கோபத்தில் திருப்பி எறிந்தால் இன்னொரு ரயனின் மண்டை உடையும். டிப்பெரரி மலைச்சரிவு முழுக்க அப்படித்தான். பாதிரியார் ரயன், பால் வண்டிக்காரர் ரயன், மணமகனும் மணமகளும் ரயன். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்: வெள்ளை ரயன், தொப்பி ரயன், பூனை ரயன், பாலத்து ரயன். கல்லறைக் கல் வரைக்கும் அது கூடவே வரும்.

ரோடி ரயனுக்கு மட்டும் அது வாய்க்கவில்லை. அவருடைய அப்பா வெளியூரிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். பரம சாது. எதையும் உடைக்கவில்லை, எவரிடமும் அடி வாங்கவில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு ஊர் என்ன பெயர்தான் வைக்கும்? மகனுக்கு வயது அறுபதைத் தாண்டியும், "எந்த ரயன்?" என்று யாராவது கேட்டால் அவர் அப்பா பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். மனைவி நோனியோ பிறந்த வீட்டு வழியில் இன்னமும் தொப்பி நோனிதான். சண்டை முற்றினால் அவள் அதைத்தான் எடுத்து வீசுவாள்.

"எனக்காவது ஒரு தொப்பி இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?"

பட்டப்பெயரைத் தானே சூட்டிக்கொள்ள முடியாது. முதுகுக்குப் பின்னால் மற்றவர்கள் சூட்ட வேண்டும். அவர்களுக்குக் கொஞ்சம் கைகொடுக்கப் பார்த்தார் ரோடி. பக்கத்துக்கு ஒரு காக்கை உட்காரும் அளவுக்கு மீசை வளர்த்தார். ஊர் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒருநாள் மைத்துனர் தொப்பி பில்லியின் மதுக்கடையில் மெதுவாக ஆரம்பித்தார்.

"ரயன்னா சின்ன ராஜான்னு அர்த்தமாமே, பில்லி? யாராவது என்னை ராஜா ரயன்னு கூப்பிட்டா நான் ஒண்ணும் கோச்சுக்க மாட்டேன்."

"அது சுற்றுலாக்காரங்களுக்குக் கோப்பையில பேரு எழுதி விக்கிறவன் சொல்ற அர்த்தம்யா. பழைய பேரு ஓ மீல்ரியன். ஓன்னா பேரன். மீல்னா மொட்டை போட்ட அடியார். ரியன்னு ஒருத்தருக்காக மொட்டை போட்டுக்கிட்டவரோட பேரப்புள்ளைங்கதான் நாமெல்லாம்."

"அந்த ரியன் யாரு?"

"சாமியோ, சாமியாரோ, ஒருத்தருக்கும் தெரியாது. காலப்போக்குல ஓவும் போச்சு, மொட்டையும் போச்சு. உனக்கு வேணும்னா சொல்லு, மொட்டை ரயன்னு கூப்பிடுறோம்."

ரோடி தன் அடர்ந்த முடியைத் தடவியபடி, அதையும் ஒரு கணம் யோசிக்கவே செய்தார்.

அடுத்த நவம்பரில் ஒருநாள் காலை, உள்ளூர் வானொலியில் செய்தி முடிந்து மரண அறிவிப்பு வந்தது. "ரோடி ரயன் காலமானார்." பட்டப்பெயர் இல்லை. பட்டப்பெயர் இல்லாத ரோடி ரயன் உலகத்தில் ஒருவர்தானே! எந்த ஊர் என்று அறிவிப்பாளர் சொல்லும் வரை யார் காத்திருந்தார்கள்? அதற்குள் எல்லோரும் இழவு வீட்டுக்குக் கொண்டுபோகச் சமைக்க அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்கள்.

நோனி தன் அக்காவைப் பார்க்க தர்லஸ் நகருக்குப் போயிருந்தாள். ரோடி மலை மேல் வேலி கட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் சேறும் சகதியுமாக இறங்கி வந்தால், வாசலில் கார்கள். சமையலறை கொள்ளாத கூட்டம். சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரம் நிறுத்தப்பட்டிருந்தது, கண்ணாடி மேல் துணி. மேசையில் வேகவைத்த பன்றித்தொடை, ஆப்பிள் பணியாரம், மலை போல சாண்ட்விச். கதவோரம் நின்றவர்கள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"போனது யாரு? நோனியா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பூனை ரயன் வீட்டிலிருந்து வந்திருந்த பிட் என்ற கிழவிதான் முதலில் பேசினாள்.

"நீதான், ரோடி."

"நானா? எப்போ?"

"காலைச் செய்தில."

ரோடி தன் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"அப்போ இதெல்லாம் எனக்கா?"

கொண்டுவந்த சாப்பாட்டைத் திருப்பி எடுத்துப் போவது மரியாதையில்லை என்று பாதிரியாரே சொல்லிவிட்டதால், இழவு தொடர்ந்து நடந்தது. பில்லி தயாரித்து வந்த புகழுரையைப் படித்தார். "தாராள மனசுக்காரர்" என்ற இடத்தில் இறந்தவரே எழுந்து, அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். சாயங்காலம் வந்து சேர்ந்த நோனி வாசலிலேயே நின்று, புருஷன் பன்றித்தொடையை ஒரு கை பார்ப்பதைக் கண்டாள்.

"செத்தும் உங்களுக்குப் பசி அடங்கலையா?"

அடுத்த வாரம் மாட்டுச் சந்தை. ரோடியின் கன்றுகள் ஏல வளையத்துக்குள் வந்தன. ஏலக்காரர் ஒலிபெருக்கியில், "விற்பவர் ரோடி ரயன்" என்றார்.

"எந்த ரோடி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பொணம் ரயன்பா! வேற எந்த ரோடி?" என்று நாலு பக்கமிருந்தும் பதில் வந்தது.

நோனி தலையில் கைவைத்துக்கொண்டாள். "கடவுளே, நம்ம பேரப்புள்ளைங்களையும் இனிமே பொணம்னுதானே கூப்பிடுவாங்க!"

"ஆமா," என்றார் ரோடி, முகமெல்லாம் பல்லாக. "அவங்க புள்ளைங்களையும்தான்."

சொல்லிவிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி பெஞ்சு மேல் ஏறி நின்று கையை உயர்த்தினார்.