ஏனாத்தூர் வழியாகச் செவ்வாய்

செவ்வாயில் உயிர் தேடும் தானியங்கி வண்டியைப் பற்றிப் பேச ஏனாத்தூர்க் கல்லூரி ஒன்று என்னை அழைத்திருந்தது. காஞ்சிபுரத்தில் பஸ் ஏறியதும், பக்கத்து இருக்கைக்காரரிடம் "ஏனாத்தூர் வந்தா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு, அவரிடமே பேச்சை ஒத்திகை பார்த்தேன். நரைத்த மீசை, மடியில் பட்டுப்புடவைப் பெட்டி. நான் சொல்லச் சொல்ல, பெட்டியில் விரலால் தாளம் தட்டியபடி கேட்டார்.

"வழி தவறிட்டா அந்த வண்டி இன்னா பண்ணும் சார்?"

"அங்கேயே நின்னுடும். பூமியிலேர்ந்து தகவல் வர்ற வரைக்கும் நகராது."

"அப்ப நீங்களும் எறங்கி நில்லுங்க சார். ஏனாத்தூர் தாண்டி ரெண்டு ஸ்டாப் ஆயிடுச்சி."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க மூச்சு வுட்டீங்க?"

வியர்க்க விறுவிறுக்க நடந்து போய்ப் பேசினேன். மாணவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அந்த மனிதர் மட்டும் எப்படித் தூங்காமல் கேட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.